ஷைலா வருகிற வாரம்

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வில்பிரட் விரல்நுனியில் மாவைத் தொட்டு ஒரு சொட்டு விட்டான். அது சட்டியின் அடிவரைக்கும் போய், சற்று யோசித்துவிட்டு, மெதுவாக மேலே வந்தது. சூடு காணாது. இன்னும் கொஞ்சம் காயட்டும். அச்சை எண்ணெய்க்குள் இறக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அச்சு முறுக்கில் முதலாவது எப்போதும் கெட்டுத்தான் போகும். அச்சு சூடாகாவிட்டால் மாவு பிடிக்காது, சூடு கூடிப்போனால் பிடித்த மாவு கிண்ணத்துக்குள்ளேயே நழுவி விழுந்துவிடும், நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அது எப்போது வரும் என்று யாராலும் சொல்லிக் கொடுக்க முடியாது, கைக்குத்தான் தெரியும், அவன் கைக்குத் தெரிய நாலு கிறிஸ்துமஸ் ஆயிற்று. சனிக்கிழமை, மணி பத்து தாண்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து நாள். அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அவன் மனைவி ஷைலா குவைத்திலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறாள். பதினாலு வருஷமாக அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வந்து போவாள், இந்தமுறை திரும்பிப் போவதற்கு டிக்கெட் எடுக்காமல் வருகிறாள். அதை நினைத்ததும் தீயைக் கூட்டினான், உடனே குறைத்தான். சந்தோஷம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சந்தோஷம் இப்படியா இருக்கும்? அச்சை எடுத்து எண்ணெயை வடித்து மாவில் முக்கினான், முக்கால் பாகம், அதற்கு மேல் மூழ்கினால் கழலாது. ஸ்ஸ் என்றது. திரும்ப எண்ணெயில் இறக்கி ஆட்டினான். கழலவில்லை. கம்பியால் குத்தி எடுத்தபோது மூன்று துண்டாக வந்தது. அப்படித்தான் வரும், முதலாவது அப்படித்தான்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாள் மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. போன மாதத்துக் காலண்டர் தாளின் பின்பக்கம். ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை விட்டு வந்து, சட்டையை மாற்றுவதற்கு முன்னால் அந்த வாரத்துக் காரியங்களை எழுதிவிடுவது அவன் வழக்கம். ஷைலா போனபோது மகள் ஜெபினாவுக்கு மூன்று வயது, இளைப்பு வேறு, மூன்று வேளை மருந்து, ஆவி பிடிப்பது, ஒரு வாரம் எந்த மருந்தைக் கொடுத்தோம் எதை விட்டோம் என்றே தெரியாமல் குழம்பி, அன்றைக்கு எழுத ஆரம்பித்ததுதான். தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் ‘வீடு’ என்று போடுவான், வலப்பக்கம் ‘எனக்கு’. வீடு எப்போதும் தாளின் அடிவரை போய்விடும். எனக்கு என்பதில் ஒன்றோ இரண்டோ. இந்த வாரம் வீடு: கேட்டுக்குப் பெயின்ட், ஜன்னல் திரை துவைக்க, நட்சத்திரத்துக்கு வயர் மாற்ற, குளிமுறியில் ஒழுகும் குழாய், மாட்டிறைச்சி சொல்லிவைக்க, முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, செவ்வாய் கேரல் பாட வருகிறவர்களுக்குக் காப்பி, ஜெபினா பிசிக்ஸ். எனக்கு: பேஸ் பிராக்டிஸ், சுகர் டெஸ்ட், ஷை. மூன்றாவதை முழுதாக எழுதவில்லை. மகள் கண்ணில் படுகிற கதவு. ஒன்பது வாரமாக அந்த ‘ஷை’ ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சுகர் டெஸ்ட்கூட நடந்துவிட்டது, அதன்மேல் கோடு போட்டாயிற்று. சபையின் பாடகர் குழுவில் நாலு பேஸ் குரல்களில், அதாவது கீழ்க்குரல்களில், அவனும் ஒருவன், கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கான புதுப் பாட்டில், சுரத்தாளின் பதினாறாம் அளவில் மற்ற எல்லாரும் நிறுத்த பேஸ் மட்டும் தனியாகக் கீழே இறங்க வேண்டும், அந்த இடத்தில் மூச்சு போதாமல் போகிறது, அதையும் பாத்திரம் கழுவும்போது பாடிப் பாடி ஒருவாறு சரிசெய்துவிட்டான். ஷை மட்டும் அப்படியே நிற்கிறது. ஷைலாவிடம் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்று எழுதவில்லை. அது தெரிந்திருந்தால் பேசியிருப்பான்.

இரண்டாவது முறுக்கு கழன்றது. பூப்போல விரிந்து எண்ணெயில் மிதந்ததைக் கம்பியால் ஓரம் தட்டித் திருப்பினான். மூன்றாவது. நாலாவது. கை ஓட ஆரம்பித்ததும் மனசு தன்பாட்டுக்குப் போய்விடுகிறது, போகும் இடம் எது என்று அவனுக்குத் தெரியும், அக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை, இதே அடுக்களை, அன்றைக்கு அடுப்பில் மீன்குழம்பு. ஷைலா போனில் ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் சொன்னாள், கூடத் தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் ஊருக்குப் போனதைச் சொன்னாள், முழங்கால் வலியைச் சொன்னாள், பிறகு ஒரு மூச்சு விட்டு, “நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன். டிசம்பர்ல வந்தா வந்ததுதான், இனி போவல” என்றாள். அவன் குழம்பில் புளி விட்டுக்கொண்டிருந்தான். “சரி” என்றான். அவ்வளவுதான். சரி. அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும், இரண்டு மூன்று நொடி, அவள் எதற்கோ காத்திருந்தாள், ஒரு மனுஷன் அந்த இடத்தில் எத்தனையோ சொல்லலாம், நல்லதாப் போச்சு எனலாம், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் எனலாம், எப்போ வருவே என்றாவது கேட்கலாம். அவனோ குழம்பைக் கிண்டினான். “அப்போ வைக்கட்டா?” என்றாள் அவள். அதற்கும் சரி என்றான். அன்றிலிருந்து தினமும் பேசுகிறார்கள், என்ன சமைத்தாய், என்ன படிக்கிறாள், மழை உண்டா, எல்லாம் பேசுகிறார்கள், அந்தச் ‘சரி’ மட்டும் நடுவில் கிடக்கிறது, ரெண்டுபேரும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வருகிறார்கள். ஏன் அப்படிச் சொன்னான்? வேண்டாம் என்ற நினைப்பா? ஐயோ, இல்லை. அவள் வர வேண்டும் என்று பதினாலு வருஷமாக முழங்காலில் நின்று கேட்டவன் அவன்தான். ஆனால் கேட்ட ஆள் ஒருவன், அன்றைக்குச் சரி என்று சொன்ன ஆள் வேறு ஒருவன் மாதிரி இருக்கிறது. கேட்டவன் முப்பத்தேழு வயது வில்பிரட், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சியைக் கரியவிட்டவன், ராத்திரி மூன்று மணிக்கு ஆவி பிடிக்கவைத்துவிட்டு சுவரில் சாய்ந்து அழுதவன். சரி என்றவனுக்கு வயது ஐம்பத்தொன்று, அவனுக்கு ஒன்றும் கரிவதில்லை.

ஆறாவது முறுக்கு கொஞ்சம் சிவந்துவிட்டது. தீயைத் தணித்தான். டப்பாக்கள் ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய லீவில் ஷைலா வந்து நாலாம் நாள், எலக்ட்ரீசியனான அவன் ஒரு வீட்டில் மெயின் போர்டு மாற்றப் போயிருந்த நேரத்தில் அடுக்களை அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து, டப்பாக்களை எல்லாம் வேறு வரிசையில் அடுக்கி வைத்திருந்தாள். பெரியது பின்னால், சின்னது முன்னால், மூடிக்கு மூடி பேர் எழுதி ஒட்டியிருந்தாள், அவர்கள் ஆஸ்பத்திரியில் மருந்துக் குப்பிகளுக்கு ஒட்டுவது போல. வல்லாத்தத் துப்புரவு, அவ்வளவு சுத்தம். அவன் வந்து பார்த்து “கொள்ளாமே, நல்லாருக்கே” என்றான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு மாதமும் அவன் கடுகு என்று கையை நீட்டினால் மிளகு வந்தது, உப்பு இருந்த இடத்தில் சர்க்கரை, ஒருநாள் ரசத்தில் பெருங்காயத்துக்குப் பதிலாக என்னமோ போட்டுவிட்டான், சொந்த அடுக்களையில் லைட்டைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் படித்துப் படித்துச் சமைத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று மத்தியானம், சட்டைகூட மாற்றாமல், எல்லா டப்பாவையும் பழைய இடத்துக்கு மாற்றினான். அவள் ஒட்டிய பேர்களை ஈரத்துணியால் தேய்த்து எடுத்தான். ஒரு மணிநேரம் ஆயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதிதான் இன்றுவரைக்கும் அவனைக் குத்துகிறது. பெண்டாட்டி ஊருக்குப் போன அன்று அழுதுகொண்டிருக்க வேண்டியவன் பெருங்காய டப்பாவை அதன் இடத்தில் வைத்துவிட்டு மூச்சு விட்டான். வாசலில் ஜெபினா நின்றிருந்தாள். பதினைந்து வயது அப்போது. அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோயில் ஒலிபெருக்கியில் யாரோ கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் போட்டுவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம், அட்வென்ட், தொடங்கியதிலிருந்து தினமும் இந்த நேரத்துக்கு ஆரம்பித்துவிடுகிறது. பாட்டுக்கு நடுவே யாரோ மைக்கைத் தட்டி ஹலோ, ஹலோ என்று பார்த்தார்கள்.

“அப்பா.” ஜெபினா வந்து நின்றாள். கையில் பிசிக்ஸ் புத்தகம், விரலை நடுவில் செருகி வைத்திருந்தாள். பிளஸ் டூ, திங்கட்கிழமை அரையாண்டுப் பரீட்சையின் கடைசித் தாள். அம்மா வந்து இறங்கும்போது இவள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள்.

“என்ன மக்களே, பிள்ளைக்குப் பசிக்குதா?”

“இல்ல. அம்மா துணியெல்லாம் எங்க வைப்பா?”

“ஏன், பீரோல.”

“பீரோல எங்கப்பா எடம்? ஒரு தட்டு உங்களுக்கு, ரெண்டு தட்டு எனக்கு, கீழ்த்தட்டுல உங்க வயரும் ஹோல்டரும் கெடக்கு. லீவுக்கு வரும்போ அம்மா பெட்டிக்குள்ளேயேதான வச்சிருப்பா. இப்போ அப்பிடி வைக்க முடியுமா?”

வில்பிரட் அச்சை எண்ணெயிலேயே விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். பெட்டிக்குள்ளேயேதான் வைத்திருப்பாள். ஆமாம். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, திறந்து, ஒரு சேலையை எடுத்துக்கொண்டு, மூடி, திரும்பத் தள்ளிவிடுவாள். பதிமூன்று லீவு, பதிமூன்று மாதம். அவன் ஒருநாளும் அதை ஒரு காரியமாகப் பார்த்தது இல்லை. வெள்ளைத் துண்டு ஒன்றைப் புதிதாக வாங்கி மடித்துக் கட்டில்மேல் வைப்பான், சோப்பு புதிது வைப்பான், அவள் இருக்கும் ஒரு மாதமும் நல்ல தட்டில் சோறு போடுவான். விருந்தாளிக்குச் செய்வதெல்லாம் செய்தான்.

“நான் ரெண்டு தட்டையும் ஒழிச்சுத் தந்துரட்டா?” என்றாள் ஜெபினா. “என் புக்கெல்லாம் மேசைக்கு அடியில வைப்பேன்.”

“நீ படி. பரீட்சை முடியட்டும். என் வயரையெல்லாம் நான் எடுத்து மாத்துதேன்.”

அவள் போகவில்லை. நகத்தால் புத்தக அட்டையைச் சுரண்டினாள். “அப்பா, அம்மா இனிமே போவமாட்டால்லா?”

“அப்பிடித்தான் சொல்லியிருக்கா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவன் அச்சை எடுத்தான். சூடு கூடிவிட்டது, மாவில் முக்கியதும் மாவு பிடிக்காமல் வெறுமனே சீறியது. “நான் என்ன சொல்ல? சரின்னு சொன்னேன்.”

மகள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். மாவுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்து அச்சு ஆறக் காத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே கேட்டில் புதுப் பெயின்ட் மினுங்கியது, நேற்று அடித்தது, ஓரத்தில் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது, இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. வயரிங் வேலைக்குப் பெரிய சைட் எதையும் அவன் எடுப்பதில்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் முடிகிற வேலைதான், ஒரு ஃபேன், ஒரு மோட்டார், ஒரு மீட்டர் பெட்டி. பாடகர் குழுவில் ஆல்பன் என்று ஒருத்தன், டெனர் குரல், வாய் நிற்காது, “நம்ம வில்பிரட்டுக்கு ஜனவரியிலருந்து ரிட்டயர்மென்ட், வீட்டம்மா வேலையில இருந்து” என்று போன வாரம் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு வீடுவரைக்கும் கூடவே வந்தது. மற்றவர்களுக்கு அது கேலி. அவனுக்கு அது கேலியாகப் படவில்லை, உள்ளதைத்தானே சொன்னான். ஆள் வந்துவிட்டால் இந்தத் தாளை ஞாயிற்றுக்கிழமை யார் எழுதுவார்கள்? அவள் எழுதுவாள் என்றால் அவன் என்ன செய்வான், அவன் எழுதுவான் என்றால் அவள் என்ன செய்வாள்? ஜெபினா அடுத்த வருஷம் கல்லூரிக்கு விடுதியில் போய்ச் சேர்ந்துவிடுவாள். பிறகு இந்த வீட்டில் ரெண்டே பேர். பதிமூன்று மாதம் மட்டுமே சேர்ந்து இருந்த ரெண்டு பேர். கல்யாணம் முடிந்த முதல் வருஷங்களையும் சேர்த்தால் கூடும், ஆனால் அந்த வில்பிரட்டையும் அந்த ஷைலாவையும் இப்போது எங்கே போய்த் தேட. அவளுக்குக் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று யாராவது கேட்டால் போன வருஷத்துக் கணக்கைத்தான் அவனால் சொல்ல முடியும். பயமாக இருக்கிறது. அந்த வார்த்தை வந்துவிட்டது. இதுதான் அது, ஒன்பது வாரமாக ஷை, ஷை என்று எழுதிவந்தது இதைத்தான். பயமாக இருக்கிறது என்று எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்லுவான், நீ வருவது எனக்குப் பயமாக இருக்கிறது என்று. அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள். அச்சை மாவில் முக்கினான், பிடித்தது, எண்ணெயில் ஆட்டினான், கழன்றது.

போன் அடித்தது. ஷைலா. ராத்திரி டியூட்டி முடிந்து, அறைக்கு வந்து, குளித்து முடித்தால் இங்கே பத்தே முக்கால் ஆகிவிடும். கை முழுக்க மாவு. சுண்டுவிரலால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டு, போனை உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்தான்.

“என்ன செய்யுதீங்க?”

“அச்சு முறுக்கு. பாதி ஆச்சு. நீ சாப்பிட்டியா?”

“ஒரு குப்பூஸ் ரொட்டி தின்னேன். கண்ணெல்லாம் எரியுது. இன்னைக்கு ராத்திரி ஒண்ணுதான் பாக்கி, அதோட முடிஞ்சு.” ஒரு கொட்டாவி விட்டாள். அங்கே ஏசி ஓடும் சத்தம் கேட்டது. “ஒரு காரியம் கேக்கணும். மேட்ரன் காலையில திரும்பவும் கூப்பிட்டா. எனக்குப் பதிலா வரவேண்டிய பிள்ளைக்கு விசா ஆகலியாம். ‘ஷைலா, லீவுல போயிட்டு வா, இன்னும் ஒரு வருஷம் இரி, ராஜினாமா பேப்பரக் கிழிச்சிருதேன்’ங்கிறா. ராத்திரி டியூட்டிக்கு வரும்போ சொல்லணுமாம்.”

வில்பிரட்டின் கையில் அச்சு இருந்தது. அதிலிருந்து எண்ணெய் சொட்டியது. இன்னும் ஒரு வருஷம். அவன் மனசு இருந்த இடத்தில் இருந்துகொண்டே எட்டிப் பார்த்தது, ஒரு வருஷம், தாள் அப்படியே, டப்பா அப்படியே, பீரோவின் கீழ்த்தட்டில் வயர் அப்படியே, ஜெபினா விடுதிக்குப் போனால் தனியாக, யாருக்கும் பயப்படாமல், ஆண்டவரே எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவனுக்கு நன்றாகப் பழக்கமான வார்த்தை.

“நீ என்ன நினைக்கே?” என்று கேட்டான்.

“நான் என்ன நினைக்க? உங்களுக்கு எப்பிடியோ அப்பிடி.” குரல் தணிந்திருந்தது. “வந்தா அங்க எனக்கு என்ன சோலி இருக்கு? இங்கன்னா வார்டுல ஷைலா சிஸ்டர்னா எல்லாருக்கும் தெரியும், எந்தக் கட்டில்ல யாரு, யாருக்கு என்ன மருந்து, கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அங்க உங்க வீட்ல எல்லாம் அதது எடத்துல இருக்கு. நான் ஒண்ண எடுத்துத் துடைச்சாக்கூட...”

“எங்க வீடா? உன் வீடு இல்லியா?”

அங்கே தண்ணீர்ப் பாட்டிலின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“ஷைலா, நான் ஒரு தப்பு செஞ்சேன்” என்றான். சொல்ல நினைத்தது இது இல்லை. வாய் தானாக இங்கே வந்துவிட்டது. “நீ அந்தத் தடவ டப்பாவெல்லாம் அடுக்கிப் பேரு ஒட்டி வச்சே இல்லியா. நீ போன அன்னைக்கே எல்லாத்தையும் நான் பழையபடி மாத்திட்டேன். பேரையெல்லாம் தேச்சு எடுத்துட்டேன்.”

“தெரியும்.”

“எப்பிடித் தெரியும்?”

“ஜெபினா சொன்னா. அன்னைக்கே மெசேஜ் போட்டுட்டா. அம்மா, அப்பா டப்பாவ மாத்துறாங்கன்னு.”

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போன வருஷம் லீவுக்கு வந்தவள் அடுக்களையில் ஒரு டப்பாவைக்கூட நகர்த்தவில்லை, காப்பி போடுவதற்குக்கூட “சர்க்கரை எடுத்துத் தாரீங்களா” என்றுதான் கேட்டாள், அவன் அதை அலுப்பு என்று நினைத்தான். அச்சை அப்படியே சட்டியின் ஓரத்தில் சாய்த்துவைத்தான்.

“என்னன்னு கேட்டிருக்கலாமே.”

“கேட்டு? நீங்க ‘சரி’ன்னு சொல்லுவீங்க.” அவள் சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது. முடியவில்லை. “அக்டோபர்ல அந்தச் சரியக் கேட்டதுலருந்து எனக்கு மனசே இல்ல. வரட்டா வேண்டாமா, வரட்டா வேண்டாமா. பெட்டிய ரெண்டு தடவ கட்டி ரெண்டு தடவ அவுத்தாச்சு.”

“எனக்குப் பயமா இருந்தது” என்றான் வில்பிரட். சொன்ன பிறகு அடுக்களை அதே அடுக்களையாகத்தான் இருந்தது, எண்ணெய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, வெளியே ஒலிபெருக்கியில் பிள்ளைகள் கோரஸாகப் பாடினார்கள். “இப்பவும் இருக்கு. நீ வந்தா நான் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியல. இத்தன வருஷத்துல இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும், இந்த அடுப்பும் இந்தப் பிள்ளையும். அதனாலதான் அப்பிடிச் சொன்னேன். நீ வேண்டாம்னு இல்ல. அப்பிடி மட்டும் நினைச்சிராத.”

ஒரு பெருமூச்சு. மூக்கை உறிஞ்சினாள் போல.

“எனக்கும்தான்” என்றாள். “எனக்கு இட்லிக்கு மாவு ஆட்ட மறந்தே போச்சு தெரியுமா? பதினாலு வருஷமா மெஸ் சாப்பாடு. ரைஸ் குக்கர்ல சோறு வைக்க மட்டும்தான் தெரியும். வந்ததும் எல்லாரும் கேப்பாங்க, ஷைலா என்ன சமையல்னு. நான் என்ன சொல்லுவேன்?”

வில்பிரட்டுக்குச் சிரிப்பு வந்தது. “எங்க வீட்டுக்காரரு வச்சாருன்னு சொல்லு.”

“சொல்லுவேன். மானம் போனா உங்களுக்குத்தான்.”

“போட்டும்.”

அவளும் சிரித்தாள், இந்தமுறை முழுதாக. பிறகு, “அப்போ மேட்ரன்ட்ட?” என்றாள்.

இப்போது அவனுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தபோது இருந்த கனம் இப்போது இல்லை. “வேண்டாம்னு சொல்லிரு. நீ வா. வந்து டப்பாவ எங்க வேணும்னாலும் வை. எத்தன தடவ வேணும்னாலும் மாத்து. நான் தேடி எடுத்துக்கிடுவேன்.”

அங்கே பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

“பேரு ஒட்டமாட்டேன்” என்றாள் கடைசியில்.

“ஒட்டு. கண்ணு மங்கிட்டு வருது, பெரிய எழுத்தா எழுது.”

“ம்.” துணி சரசரக்கும் சத்தம், படுத்துவிட்டாள் போலிருக்கிறது. “நீங்க போனை வைக்காதீங்க. முறுக்கு சுடுங்க, நான் கேட்டுட்டுக் கெடக்கேன். என்ன செய்யுதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருங்க.”

அவன் சொல்லிக்கொண்டே செய்தான். இப்போ அச்சைக் காயவைக்கேன். இப்போ மாவுல முக்குதேன். எள்ளு கொஞ்சம் கூடிப்போச்சு, ஆனாலும் மணமா இருக்கு. இப்போ விட்டாச்சு. கழன்னுட்டு. ம், என்றாள் அவள். நாளைக்குக் கோயில்ல டிசம்பர் மூணாம் ஞாயிறு, பிள்ளைங்க நாடகம் உண்டு, திங்கக்கிழம ஆல்பனோட கார்ல வாறேன், அவன் வாய மூடமாட்டான், நீ காதப் பொத்திக்க. ம். இப்போ திருப்புதேன். ஜெபினா பீரோல ரெண்டு தட்டு உனக்கு ஒழிச்சுத் தாறாளாம். நான் கீழ்த்தட்ட ஒழிச்சா மூணு. ம். அந்த ம் ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தாழ்ந்து வந்தது. குளிமுறிக் குழாய இன்னைக்கு மாத்திருவேன். இதற்குப் பதில் இல்லை. கேட்டியா, என்றான். பதில் இல்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். மூச்சு. இழுத்து, நின்று, மெதுவாக விடும் மூச்சு, ஒவ்வொரு முறையும் முடிவில் மிகச் சின்னதாக ஒரு விசில் போல. இது எப்போதிலிருந்து? முன்னால் இப்படி இருந்ததா, இல்லை வயசான பிறகு வந்ததா? அவனுக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரிந்துகொள்ளலாம். ராத்திரி முழுவதும் நாற்பது பேருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து, ஒரு கடலுக்கு அந்தப் பக்கம், பகல் வெளிச்சத்தில் தூங்குகிற பெண். கடைசியாகச் சட்டியில் கிடந்த முறுக்கை எடுத்து வடிதட்டில் வைத்தான். தட்டில் ஓசை எழாமல் வைத்தான். அடுப்பை அணைத்தான். எண்ணெயின் முணுமுணுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலருகே போய், கீல் சத்தம் போடும் என்பதால் ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தினான். ஒலிபெருக்கிப் பாட்டு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. இப்போது அடுக்களையில் அந்த மூச்சு மட்டும்தான்.

“அப்பா, திரைய இப்போ மாட்டவா, இல்ல...” என்று உரக்கக் கேட்டுக்கொண்டே ஜெபினா வந்தாள். வரும்போதே வடிதட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து வாயில் வைத்துவிட்டாள்.

வில்பிரட் உதட்டில் விரலை வைத்தான்.

“அம்மா தூங்குறா” என்றான்.

ஜெபினா அடுத்த அறையைப் பார்த்தாள். பிறகு உப்பு ஜாடிமேல் சாய்ந்திருந்த போனைப் பார்த்தாள், கேட்டாள், முகம் மாறியது. ஓசைப்படாமல் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனும் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டான். கடித்தால் சத்தம் கேட்கும். வாயில் வைத்தது தானாக ஊறிக் கரையட்டும் என்று இரண்டு பேரும் அசையாமல் காத்திருந்தார்கள்.